தானாகக் கத்திய ஹோம் தியேட்டர்

மதியம் ஒன்றரை மணி. யாரும் தொடாமலேயே ஹோம் தியேட்டர் "தொம்!" என்று அலறியது. ஜானுவின் கையிலிருந்த தயிர்சாதத் தட்டு குலுங்கியது.

"டேய் கிரீஷ்! ரிமோட்டை எங்கே வச்சிருக்கே?"

"நான் தொடவே இல்லைக்கா!" என்றான் தம்பி. ஆனாலும் அப்பா அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

அப்பா ஆசை ஆசையாக வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. நினைத்தால் கத்தும், நினைத்தால் ஊமையாகிவிடும்.

அவர் ஆறாவது முறையாகக் கம்பெனிக்குப் போன் செய்தார். போனில் இருபது நிமிடம் பாட்டு ஓடியபிறகு ஒருவர் பேசினார்.

"ரிமோட்டை ஈரத்துணியால துடைச்சீங்களா சார்? அப்படின்னா தப்பு உங்க பேர்லதான்."

அப்பாவின் பார்வை சமையலறைப் பக்கம் திரும்பியது. அங்கே தங்கப்பொண்ணு அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வீட்டைத் துடைப்பவரும் அவர்தான்.

"தங்கப்பொண்ணு, இனிமே ஹால் பக்கம் வர வேண்டாம்."

"நான் அதைத் தொட்டதே இல்ல சார். அது எம்புட்டு வெலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.

ஜானு தட்டைக் கீழே வைத்தாள்.

கோடை விடுமுறைதானே? ஒரு நோட்டை எடுத்தாள். எல்லோர்மீதும் சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை இப்படி எழுதினாள்: '1.30 – கத்தியது. அக்காவுக்கு லீவு. கிரீஷ் குளிக்கிறான். பூனை பால்கனியில் தூங்குகிறது.'

ஒரு வாரம் எழுதிவிட்டுப் பார்த்தால், எல்லா நாளும் ஒன்றரை மணியேதான்!

அடுத்த நாள் ஒன்றேகாலுக்கே போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருக்கும் முத்திருளன் மாமா மதியச் சாப்பாட்டுக்கு மேலே ஏறிப் போனார். மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். அவர் கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் கீழே "தொம்!"

ஜானு ஓடிப்போய் அவர் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த மாமாவின் கையில், ஜானு வீட்டில் இருப்பதைப் போலவே ஒரு கறுப்பு ரிமோட்!

"மாமா, நீங்கதானா?"

"என்னம்மா சொல்ற? எங்க வீட்டுப் பாட்டுப் பொட்டி தானா அணையுது. கீழ் வீட்டுக்காரங்கதான் என்னமோ பண்றாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். ஜானுவுக்குச் சட்டென்று புரிந்தது.

"மாமா, ஒரு தடவை சத்தத்தைக் கூட்டுங்க."

மாமா அழுத்தினார். "அக்கா! மறுபடியும் கத்துது!" என்று கீழேயிருந்து கிரீஷ் அலறினான்.

ஜானு கீழே ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும், அப்பா உடனே கம்பெனிக்குப் போன் போட்டார்.

"எங்க ரிமோட் இன்னொரு வீட்டு செட்டுல வேலை செய்யவே செய்யாது சார்," என்றார் போனில் பேசியவர்.

ஜானு மாடியைப் பார்த்துக் கத்தினாள். "மாமா, இப்ப அழுத்துங்க!"

"தொம்!"

போனில் இருந்தவருக்கும் அது கேட்டுவிட்டது. பிறகு மெதுவாக, "நாளைக்கே ஆள் அனுப்புறோம் சார்."

மறுநாள் வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ரெண்டு செட்டுக்கும் ஒரே நம்பரைப் போட்டு அனுப்பிட்டாங்கண்ணே. செவுரு தாண்டி வேலை செய்யுற ரிமோட்டு. அதான் இம்புட்டுக் குழப்பம்." இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டுக் கொடுத்தார்.

அப்பா சமையலறைக்குப் போனார். "தங்கப்பொண்ணு, விசாரிக்காம உங்க மேல பழி போட்டுட்டேன். தப்புதான்."

"விடுங்க சார்," என்ற அக்கா, குக்கரை மட்டும் ணங்கென்று வைத்தார்.

ஜானு ரிமோட்டை நீட்டினாள். "நீங்க போடுங்கக்கா."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அழுத்தினார். ஹோம் தியேட்டர் சமர்த்தாகப் பாட ஆரம்பித்தது.