ஐஸ்கிரீம் மூச்சு விடாது!

“பிளக்கைத் தொடாதே! சரக்கு எல்லாம் உருகி—”

“மாமாவுக்கு மூச்சு—”

“பெட்டி நிறைய இருக்குடி!”

“ஐஸ்கிரீம் மூச்சு விடாதுப்பா! மாமாதான் விடணும்!”

வாயாடி என்று தெருவே கூப்பிடும் மகளிடம் அப்பா தோற்பது புதிதில்லை.

முந்தின நாள் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. வெள்ளம் வடிந்தும் வீடெல்லாம் சேறு. கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் கண்டக்டர் மாமா இருந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். இப்போது நுரையீரலில் கோளாறு. மெஷின் கொடுக்கும் காற்றைத்தான் மூக்குக் குழாய் வழியாகச் சுவாசிப்பார். கரண்ட் போனதும் மெஷின் நின்றுவிட்டது. கைவசம் இருந்த சிலிண்டரில் இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான் காற்று.

தெருவுக்கே ஒரே ஜெனரேட்டர், அப்பாவின் ஐஸ்கிரீம் கடை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின், ஐஸ் பெட்டி இரண்டையும் அது சேர்த்து இழுக்காது.

அப்பா ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

“சரி, இந்த ஜெனரேட்டர் யானையை மூணாவது மாடிக்கு யாரு தூக்குறது?”

“யானை இங்கேயே நிக்கட்டும். வால் மட்டும் மேலே போகட்டும்!”

வாயாடி ஓடினாள்.

“அத்தை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கா? அண்ணா, உங்ககிட்ட? சீக்கிரம்!”

தையல்கார அத்தை தன் வீட்டுச் சேற்றை அப்படியே விட்டுவிட்டு, நீளமான வயரோடு வந்தாள். கூரியர் அண்ணன் தன் பைக்கிலிருந்து பெட்ரோலை இறக்கி, ஜெனரேட்டருக்குக் கொடுத்தார்.

“அப்ப நாளைக்கு உன் பார்சல் எல்லாம்?” என்றார் அப்பா.

“நடராஜா சர்வீஸ்தான்!”

நாலு வயரைக் கோத்தார்கள்.

“ஈரத்துல படக் கூடாது! கைப்பிடிமேல கட்டுங்க!” என்று கத்திக்கொண்டே வாயாடி படியேறினாள்.

முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. மாமா வீட்டு வாசலோடு வயர் முடிந்துவிட்டது! கட்டிலோ உள்ளறையில்.

“போச்சு! எட்டலையே!” அத்தை தலையில் கை வைத்தாள்.

“வயர் வரலேன்னா மாமா வரட்டும். கட்டிலைத் தள்ளுங்க! பஸ் புறப்படுது, வழி விடுங்க!”

மெஷினையும் சிலிண்டரையும் கட்டில்மேலேயே ஏற்றினார்கள். ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். கட்டில் கிறீச் கிறீச்சென்று வாசலுக்கு வந்தது. வாயாடி பிளக்கைச் செருகினாள்.

உர்ர்ர்!

கீழே அப்பா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். “ஓடுதா? ஏய், ஓடுதாடி?”

கொஞ்ச நேரம் கழித்து, மேலேயிருந்து மெலிசாக ஒரு விசில். உடனே இன்னொன்று. ரைட், போகலாம்!

தெருவே கைதட்டியது. அப்பா ஐஸ் பெட்டியை அகலத் திறந்தார்.

“உருகறதுக்குள்ள ஓடி வாங்க! இன்னைக்கு எல்லாமே சும்மா!”

சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். வாயாடியும் இறங்கி வந்தாள். கைக்கொன்றாக இரண்டு கோனை வாங்கிக்கொண்டு, தெரு நடுவில் நின்று மேலே பார்த்துக் கூவினாள்:

“மாமா! வெனிலான்னா ஒரு விசில், சாக்லேட்டுன்னா ரெண்டு விசில்! சீக்கிரம் ஊதுங்க, கை வழியா ஒழுகுது!”