தொம்மையின் படகு இறங்கிய நாள்

இறந்தவர்கள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தார்கள். மால்டாத் தீவின் தென்கரையில் இருந்த அந்தத் துறையில் அது தினமும் நடப்பதுதான். வலை பின்னுகிறவர், சுக்கான் பிடிக்கிறவர், நாற்பது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த ஐஸ் வண்டிக்காரர் என எல்லோரும் மரபுக் கடல் மையம் என்ற காட்சியகத்தின் பின்வாசல் வழியாக வந்து அவரவர் இடத்தில் அமர்ந்தார்கள். கடலில் மீன் அற்றுப்போய் இருபது வருஷம் ஆகியிருந்ததால் யாருக்கும் அவசரமில்லை.

அவர்களை மீட்டுரு என்பார்கள். ஒருவருடைய படங்களையும் காணொளிகளையும் பொறிக்குக் கொடுத்தால், அது உருக்கூழில் ஓர் உடலை வார்த்துவிடும். அந்த உடல் நடக்கும், சிரிக்கும், பதிவில் இருந்த சொற்களைப் பேசும். பதிவில் இல்லாத எதையும் செய்யாது. யார்மீதும் எதையும் இட்டுக்கட்டக் கூடாது என்பது சட்டம்.

ஜெசிந்தா வாசல் பெஞ்சில் காத்திருந்தாள். எழுபத்தொரு வயது. அன்றைக்கு அவள் கணவர் தொம்மை மீட்டுருவாக வரவேண்டிய நாள். அவருடைய படகையும் அன்றுதான் கடலில் இறக்கப்போகிறார்கள். அவரிடம் பேச வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஆசை இல்லை. கொஞ்ச நாளாக அவருடைய நடை அவள் ஞாபகத்திலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. ஒரு காலை லேசாக இழுத்து வைப்பார். எந்தக் கால்? படுத்தால் அதே யோசனை. அவர் பத்தடி நடந்து படகில் ஏறுவதைப் பார்த்தால் போதும்.

படகு லுட்சு. அந்தத் தீவின் பழைய மரப்படகு. இரண்டு முனையும் கூராக இருக்கும். நீலமும் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை பூசி, முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து சூரை மீன் பிடிக்கும் கப்பலுக்குக் கூலியாளாக வந்த தொம்மை அதை வாங்கி, சந்தியாகு என்று பெயர் எழுதினார். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் மீன் பிடித்தார். மீன் நின்றபிறகு சுற்றுலாக்காரர்களை ஏற்றினார். அவர் கால் முட்டி விட்டுப்போனதும் ஓட்டல்காரர்கள் படகை வாங்கிக் கூடத்தின் நடுவே வைத்து, அதற்குள் ஐஸைக் கொட்டி இறாலை அடுக்கினார்கள். ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த தொம்மை அதற்குப் பிறகு இறால் தின்னவில்லை. அந்த வருஷமே போய்விட்டார். ஓட்டலையும் மூடினார்கள். ஒன்பது வருஷமாகப் படகு மையத்தின் கண்ணாடிக் கூடத்தில், ஈரமே படாத காற்றில் இருந்தது.

“யக்கா, ஒரு சங்கடம்” என்றது வரவேற்புப் பொறி. அவள் பேசிய இரண்டு வாக்கியத்திலேயே அவள் ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஒனக்கு நான் எப்பம்ல அக்கா ஆனேன்? விசயத்தச் சொல்லு.”

“நீங்க தந்தது நாலாயிரத்துச் சொச்சம் படம், கொஞ்சம் காணொளி. அத்தனையிலயும் படகு இருக்கு. ஒவ்வொரு ஆணியும் கெடச்சிட்டு. அண்ணந்தான் இல்ல.”

“இல்லன்னா? அவரு இல்லாம அந்தப் படகு என்னைக்கு இருந்துச்சு?”

“பதினோரு படத்துல நெழலு விழுந்திருக்கு. ஆறுல பெருவெரலு. ஒண்ணுல முதுகு, அதுவும் பாதி. இத வச்சி ஆள வார்க்க முடியாதுக்கா.”

படம் எடுத்தது எல்லாம் தொம்மைதான். அவர் எடுக்காத நேரத்தில் அவளே கைப்பேசியைக் கம்பில் மாட்டி வைத்துக்கொள்வாள். குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடக்கும் படகுக்குப் பங்குனியில் புதுச் சாயம் பூசுவார்கள். படம் எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆனால் அப்போதுதான் தொம்மை அழுக்கு அரைக்கால் சட்டையோடு, வாளி வாளியாகக் கடல்தண்ணீரை மொண்டு படகுக்குள் ஊற்றிக்கொண்டிருப்பார். காய்ந்த பலகைகள் சுருங்கி நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டிருக்கும். மூன்று நாள் ஊறினால்தான் மரம் உப்பி மூடிக்கொள்ளும். தூத்துக்குடியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பும் படத்தில் அந்தக் கோலம் எதற்கு? “கொஞ்சம் வெலகுங்க, வாளி படத்துல விழுது” என்பாள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு விலகிவிடுவார்.

“அப்ப இன்னைக்கு யாரு வாரா?” என்று கேட்டாள்.

“படத்துல யாரு நெறைய இருக்காகளோ, அவுகதான். படிவத்துல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீகளே.”

பின்வாசல் திறந்தது. மஞ்சள் சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாக, இருபத்தாறு வயது ஜெசிந்தா வந்தாள். கூட்டம் ஆரவாரித்துக் கைப்பேசிகளை உயர்த்தியது. அவள் படகின் முகப்புக்குப் போய், வரைந்த கண்ணின்மேல் ஒரு கை வைத்துத் தலையைச் சாய்த்தாள். சிரித்தாள். மறுகை வைத்து மறுபக்கம் சாய்த்தாள். சுக்கானில் யாரும் இல்லை.

பாரந்தூக்கி படகை அசைத்தது. அப்போதுதான் கிழவி பார்த்தாள். பலகைகளுக்கு நடுவே அந்தப்பக்கத்து வெயில் கோடுகோடாகத் தெரிந்தது.

“ஏய், ஊறப் போட்டீங்களா?”

“அப்பிடி ஒரு வேல எந்தப் படத்துலயும் இல்லியேக்கா.”

“மூணு நாள் ஊறணும்! எறக்காத! முங்கிரும்!”

வலைக்காரர் பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு துறைப் படிகளில் இறங்கினாள். ஒரு வாளி மொண்டு வந்து பலகைமேல் வீசினாள். இன்னொன்று. மூன்றாவது வாளியை மொண்டு வருவதற்குள் சேலை முழுக்க நனைந்து, அவளுக்கு மூச்சு வாங்கியது. யாரும் தடுக்கவில்லை. முகப்பில் நின்றவள் மட்டும் மெல்லத் திரும்பினாள். சிரிப்பு மாறவில்லை. பதிவிலிருந்த பழைய குரல் துல்லியமாக வந்தது.

“கொஞ்சம் வெலகுங்க, வாளி படத்துல விழுது.”

கிழவி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு நிறைந்த வாளியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு விலகினாள். படகு கடலில் இறங்கியது. இடுக்குகளில் தண்ணீர் புகும் சத்தம் அவளுக்குக் கேட்டது. மற்ற எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு எட்டு வைத்திருந்தாள். தொம்மை வாளியோடு விலகும்போதும் இரண்டே எட்டுத்தான். வாளியின் கனத்தில், அவருக்குப் போலவே, அவளுடைய கால் ஒன்று தானாகவே இழுத்துக்கொண்டது.

இடது கால்.