கழிக்கரைச் சவுக்கு

அந்த இன்டர்நெட் கடையின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து என்றால் எப்போதும் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். இந்த ஒரு கேள்வி மட்டும் பளிச்சென்று தமிழில் வந்து நின்றது.

'கழிக்கரையில் நிற்கும் மூன்று மரங்களை என்ன செய்வதாக உத்தேசம்?'

வினிதா மறுபடியும் படித்தாள். வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகர வழியில்லாமல் உறுமிக்கொண்டிருந்தன; டீசல் புகையும் மழையில் நனைந்த திரைச்சீலையின் முடைநாற்றமும் பலகைத் தடுப்புக்குள் புகுந்து அவளோடு அடைந்து கிடந்தன. எண்ணூருக்கு வடக்கே, உப்பங்கழியை ஒட்டியிருக்கும் குடும்பத்துச் சவுக்குத் தோப்பை நாளைக் காலையில் வெட்டிவிடப் போகிறான் அண்ணன் பொன்ராஜ். இன்னும் இரண்டு வருஷம் விட்டால் மரம் நன்றாகத் திரளும் என்று அவள் கெஞ்சியபோது, "உன் கம்ப்யூட்டரு சொல்லட்டும், வுட்டுடறேன்" என்று சிரித்தான்.

தோப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, வெட்டலாமா விடலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வெளிநாட்டு இணையதளம் அது. மண், மழை, மரத்தின் வயது, சுற்றளவு என்று கேட்டதற்கெல்லாம் மதியத்திலிருந்து பதில் கொடுத்துவிட்டாள். இணைப்பு அறுந்துபோகும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கினாள்.

ஆனால் அந்த மூன்று மரங்களைப் பற்றி அவள் எங்கேயும் எழுதவில்லை. கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவர்களுக்கு வினிதாவின் குடும்பத்தில் தோப்பின் கழிக்கரை ஓரமாக ஆளுக்கொரு சவுக்கு நடுவார்கள். தாத்தா, சித்தப்பா, கடைசியாக அப்பா ராமதாஸ். தோப்பை எத்தனை தடவை வெட்டினாலும் அவற்றின்மேல் கத்தி படாது. பொன்ராஜ்கூடத் தொடமாட்டான்.

கேள்விக்குக் கீழே இருந்த இரண்டு பொத்தான்களில் 'விடுவது' என்பதைத் தட்டினாள். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. அதே கேள்வி. மறுபடியும் தட்டினாள். அதே கேள்வி.

"ரஷீத் பாய், இது இன்னா, ஒரே எடத்துல சுத்திகினு கீது?"

தடுப்புக்கு அப்பாலிருந்து கடைக்காரரின் குரல் வந்தது. "நெட்டு அப்டித்தாம்மா. மத்தியானத்துலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல. டீ சொல்லட்டா?"

"வேணாம் பாய். ஒரே பேஜாரா கீது."

"அத்தோட சண்ட போட்டு ஜெயிக்க முடியாது. எதுனா ஒண்ண அமுக்கு, தாண்டிப் பூடும்."

எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கியது. திரையில் தட்டுவதுதானே? மரத்தின்மேலா கை வைக்கிறோம்?

'வெட்டுவது.' தட்டினாள்.

அன்று முழுக்க இல்லாத வேகத்தில் பக்கம் திறந்தது. மற்ற மரங்களை இரண்டு ஆண்டுகள் விட்டுவைக்கலாம். அவள் வேண்டிக்கொண்ட அதே பதில். தோப்பு பிழைத்துவிட்டது. பிரிண்ட் எடுக்கச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

லாரிகளின் சத்தம் இல்லை.

சவுக்குக்குள் காற்று புகும்போது எழும் நீண்ட இரைச்சல் மட்டும். தடுப்புக்கு உள்ளே. பச்சை மரத்தை அறுத்த வாசனை. அதற்கு அடியில் உப்பு.

"பாய்?"



டொக். தரையில் கட்டையை ஊன்றும் சத்தம். டொக். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"கண்ணு." அப்பாவின் குரல். "நிக்க முடியலம்மா. கொஞ்ச நேரம் குந்திக்கட்டா?"

பயத்தை முந்திக்கொண்டு பழக்கம் வந்தது. பஸ்ஸில் பெரியவர் நின்றால் எழுந்து இடம் கொடுக்கிற பெண் அவள். எழுந்தாள். நாற்காலியைத் திரைச்சீலைப் பக்கம் நகர்த்தினாள். இவ்வளவு சின்ன உபகாரத்தைக்கூடக் கடவுள் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்ப முயன்றாள்.

திரைச்சீலை விலகியது.

அவர் உட்கார்ந்தார். ஆறுதலாகக் கால்களை நீட்டினார். கணுக்காலுக்குக் கீழே பாதங்கள் இல்லை. கால்கள் சமமாக அறுபட்டிருந்தன. அறுத்த இடத்தில், வட்டத்துக்குள் வட்டமாக மர வளையங்கள். அவற்றிலிருந்து கடல்நீர் சொட்டியது.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தபடி, அந்த ஒரே நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.