திறந்து கிடந்த கடிதங்கள்

இறந்து ஓராண்டு கடந்த மனைவியிடமிருந்து வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு, மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருந்த மரியசெல்வியின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார் பள்ளி விடுதி வார்டன் தேவசிகாமணி. பனிமூட்டம் வாசல்வரை அவர் கூடவே வந்தது.

மனைவி புஷ்பலதா அதே பள்ளியின் ஆபீஸில் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கும் ரைட்டராக இருந்தவள். அவள் முகவரியிலிருந்து செவ்வாய் பகல் பதினொன்றுக்குப் புதிய ரைட்டருக்கு வந்த கடிதம், விடுதிப் பிள்ளைகளின் வீட்டு முகவரியையும் பெற்றோர் போன் நம்பரையும் உடனே கேட்டது.

"நல்லவேளை, புது ரைட்டரம்மா எதையும் அனுப்பலீங்க," என்றார் தேவசிகாமணி. "அவ மெயில் பெட்டி பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியும்னு தாளாளர் என்னையச் சந்தேகப்படறாரு. நாளைக்குள்ள பதில் சொல்லலைனா வேலை போயிரும்."

"அந்தப் பெட்டிய இன்னும் மூடலீங்களா அண்ணா?"

அவர் கை சட்டைப்பையில் இருந்த மனைவியின் நினைவஞ்சலி அட்டையைத் தொட்டது. "தெனம் அவளுக்கு ஒரு கடுதாசி எழுதுவேனுங்க. வந்து சேந்துச்சான்னு அவ பெட்டியத் தொறந்து பாப்பேன். படிக்காதது தடிச்ச எழுத்துல கெடக்கும். ஒரு மாசமா தடிப்பு போயிருக்குது. நான் தொடலீங்க. அவதான் படிக்கிறா."

கடை உதவியாளர் ரூபி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "அக்கா, ஆவியா?"

"ஆவிக்கு எதுக்குடி போன் நம்பர்?" மரியசெல்வி அவரிடம் திரும்பினாள். "செவ்வாக்கெழமை எங்கீங்க இருந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துலதான். காலையில மரம் சாஞ்சு, பொழுது சாயற வரைக்கும் மலை மொத்தமும் கரண்டு இல்ல, டவரும் இல்ல. பெல்லுக்குப் பதிலா தண்டவாளத் துண்டை நாந்தான் தட்டினேன்."

"அப்ப மலையிலிருந்து யாரும் அனுப்பியிருக்க முடியாதே!" என்றாள் ரூபி.

"ஆமா, வெளியாள். பாஸ்வேர்டு என்னங்க அண்ணா?"

"அவ பேரும் பொறந்த தேதியும்."

மரியசெல்வி கை நீட்டி அட்டையை வாங்கினாள். படத்துக்குக் கீழே பெயர், 'மண்ணில்' என்று பிறந்த தேதி, 'விண்ணில்' என்று இறந்த தேதி. "இது பள்ளிக்கூட இணையதளத்துலயும் இருக்குதே, எப்பப் போட்டாங்க?"

"நெனவு நாளன்னிக்கு. ஒரு மாசம் ஆச்சு... அப்ப என் கடுதாசியப் படிச்சது யாருங்க?"

"எங்கேயோ இருக்கிற களவாணி. இந்த அட்டையில இருக்கிற பேரையும் தேதியையும் வெச்சுப் பெட்டியத் தொறந்திருக்கான். உங்க கடுதாசியிலதான் விடுதி சங்கதியெல்லாம் தெரிஞ்சுக்கிட்டிருக்கான்."

"அவகிட்டச் சொல்றதா நெனச்சேனுங்க."

தாளாளரிடம் மரியசெல்வியே போனில் பேசினாள், வேலை தப்பியது. பாஸ்வேர்டை மாற்றி, அவர் போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் திறக்கும்படி இன்னொரு பூட்டும் போட்டாள். "பெட்டிய மூடிறலாமுங்களா அண்ணா?"

"இன்னிக்கு ஒண்ணு எழுதிக்கறேனுங்க."

மறுநாள் காலை அவர் பெட்டியைத் திறந்தார். நேற்றைய கடிதம் தடித்த எழுத்தில் அப்படியே கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனை எடுத்தார்.

"மூடிருங்க, மரியசெல்வி."