ஈரம் போடாமல் பெருக்கிய அறை

எலிப்புழுக்கை கிடந்தால், அதன் கிருமி தூசியோடு பறக்காதபடி மருந்துத் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் விதி. விதியெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்பது ரத்தப் பரிசோதகனின் விதி. சாமான் அறையை வெறும் துடைப்பத்தால் பரபரவென்று பெருக்கினான். ஜன்னல் வெயிலில் தூசி பொன்னாய் எழுந்தது. மதியச் சாப்பாட்டோடு வாசலில் வந்து நின்ற மனைவி இருமினாள்.

"வீட்டுல ஒரு நாளாவது இப்படிப் பெருக்கியிருப்பீங்களா?"

"நல்லா பாத்துக்கோ. மறுபடி கெடைக்காத காட்சி."

சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இப்போது அவள் சுவருக்கு அந்தப் பக்கம், வார்டில். அவள் ரத்தம் இந்தப் பக்கம், இவன் மைக்ராஸ்கோப்பில்.

மணல் தூவினாற்போல் இருக்க வேண்டிய தட்டணுக்களைக் காணோம். ரத்தத்துக்கு ஏற்றிய சாயத்தைத் திட்டினான். புதுச் சாயம் ஊற்றினான். அதன் சாராய நெடி மூக்கில் ஏற, குளிர்பெட்டி முனகிக்கொண்டிருக்க, கூரைப் பலகைக்கு மேல் ஏதோ நகம் பதித்து நடந்து, நின்று, கேட்டு, மறுபடி நடக்க, சுவருக்கு அப்பாலிருந்து தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற மூச்சு வந்துகொண்டே இருக்க, அவன் குனிந்து பார்த்தான். வெள்ளணுக்கள். ஓசியில் தின்று கொழுத்த அடியாட்கள் மாதிரி உப்பி, கருநீலமாய்.

வார்டிலிருந்து டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"மேடம், என்ன இது?"

"பாக்கலாம்பா. ரிப்போர்ட் வரட்டும்."

"ரிப்போர்ட் எழுதுறவனே நான்தான் மேடம்."

'ரிப்போர்ட் வரட்டும்' என்பது நோயாளிகளின் உறவினர்களுக்கு இத்தனை வருடமாக அவன் எறிந்த பதில்தான். எவ்வளவு மட்டமான பதில் என்று இன்றுதான் தெரிந்தது.

கண்ணாடித் தகட்டை நகர்த்தினான். நீலம். இன்னும் கொஞ்சம். நீலம். கொப்பளிப்பு. நீலம்.

"நான் பெருக்குனதாலயா?"

அவர் கதவைச் சாத்தினார்.

"அவளுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி மேடம். ஜலதோஷம்கூட அண்டாது. தாங்கிடுவா, இல்ல? மழுப்பாம சொல்லுங்க."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்து அவனருகே உட்கார்ந்தார்.

"நீ பெருக்குனதாலதான். ஆனா கிருமி அவளைக் கொல்லலப்பா. அதைப் பிடிக்க வந்த இந்த செல்லுங்கதான் கொல்லுது. இதுங்க ஆவேசத்துல ரத்தக்குழாயெல்லாம் ஒழுகுது. நெஞ்சு ரொம்பிட்டு வருது. காஞ்ச மெத்தையில படுத்துக்கிட்டே, தன் ரத்தத்துலருந்து கசியிற தண்ணியில முழுகிட்டிருக்கா. நிறுத்தறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."