நீ குந்து... நான் போறேன்

காலை ஏழு பத்து.

கச்சிராயபாளையம் ரோட்டில் புதிதாக எழும்பிய நாலு மாடி ஜவுளிக் கடையின் வாசலில் ஜுல்பிகர் குப்புறக் கிடந்தான்.

பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்க். அதன் மூடியில் ஊற்றிய டீ வாய் படாமல் இருந்தது. ஆவி இன்னும் அடங்கவில்லை.

அலறியது கடையின் வாட்ச்மேன். ஜுல்பிகரின் மனைவி ஜெபீனா அலறவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

மொட்டை மாடியில் கைப்பிடிக் கம்பி வெளிப்பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அதற்குக் கீழே முகப்பு முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியில் கல்வராயன் மலை. கழுவிய பாதியில் மலை தெளிவாக இருந்தது. கழுவாத பாதியில் கரும்பு லாரிகளின் புழுதி.

தரையில் நின்றபடியே நாலாம் மாடிக் கண்ணாடியைக் கழுவுகிறவன் ஜுல்பிகர். மாடியில் மோட்டார். அங்கிருந்து ஹோஸ் இறங்கும். நீளக் கம்பின் நுனியில் பிரஷ். அதன் வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். யாரும் உயரத்தில் தொங்க வேண்டியதில்லை. யாரும் விழ வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவன் மேலேயிருந்து விழுந்து செத்தான்.

'விபத்து' என்றது ஊர்.

'கொலை' என்றாள் ஜெபீனா.

ஆளையும் சொன்னாள். வடக்கனந்தல் டேவிட். கயிறு கட்டித் தொங்கிக் கண்ணாடி துடைத்து வந்தவன். மோட்டார் வந்ததும் அவன் பிழைப்பு போனது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஜுல்பிகரின் சட்டையைப் பிடித்து, "ஒருநாள் நீயும் மேலேர்ந்து வுழுந்து பாரு, அப்ப தெரியும்" என்றான். ஊரே கேட்டது.

ஜெபீனா போலீசில் எழுதிக் கொடுத்தாள். நேற்று இரவு டேவிட் லாக்கப்புக்குப் போனான்.

மூன்றாம் நாளான இன்று காலை டேவிட்டின் மனைவி அமுதா, ஜெபீனா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. திட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் கோகிலவாணி இறங்கினாள். பின்னால் ஏட்டு நாராயணசாமி, ஒரு அட்டைப் பெட்டியைச் சுமந்தபடி.

ஜுல்பிகரின் அக்கா அஸ்ரப் நிஷா நிலைப்படியில் கையை வைத்து மறித்தாள்.

"இத்தாவுல இருக்கறவ, மேடம். புருசனுக்காகத் துக்கம் காக்கற நாலு மாசம் பத்து நாளு. அந்நிய ஆம்பள உள்ள வரக்கூடாது."

"நாராயணசாமி, கேட்டுச்சா? பொட்டிய வச்சிட்டு வெளிய நில்லு."

"மேடம், நான் அடுத்த மாசம் ரிட்டையர் ஆவறவன்."

"அத இவங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. நில்லு."

கோகிலவாணி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்த ஜெபீனா எழப் பார்த்தாள்.

"உக்காரும்மா. சாயந்திரம் டேவிட்டை கோர்ட்ல நிறுத்தணும். இல்ல, வுட்டுடணும். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

"வுடாதீங்க மேடம். அவன்தான். சத்தியமா அவன்தான்."

"பாத்தியா?"

ஜெபீனா தலையைக் குனிந்தாள்.

"பாக்கல. சரி, இதப் பாரு."

பெட்டியைத் திறந்தாள். மோட்டார். பேட்டரி. கொஞ்சம் ஹோஸ். உள்ளங்கை அகல கன்ட்ரோலர்.

"மாடியிலேர்ந்து கழட்டியாச்சு. திருப்பி மாட்டத் தெரிஞ்சவன் எங்க ஸ்டேஷன்ல ஒருத்தனும் இல்ல. நீ மாட்டு. நான் கத்துக்கறேன்."

ஜெபீனா முந்தானையை இடுப்பில் செருகினாள். மூன்று நாளில் முதல்முறையாகக் கைகளுக்கு வேலை வந்தது.

சிவப்பு ஒயர். கறுப்பு ஒயர். பியூஸ். உறிஞ்சும் ஹோஸை ஒரு வாளித் தண்ணீரில் விட்டாள். வெளியேறும் ஹோஸை இன்னொரு வாளியில் விட்டு, நுனியிலிருந்த குழாயைத் திறந்து வைத்தாள். எல்லாம் சொடுக்கென்று கையாலேயே மாட்டிக்கொண்டன.

"ஸ்பேனர் வேணாமா?"

"எதுக்கு மேடம்? இதுல முறுக்கறதுக்கே ஒண்ணும் கிடையாது."

கோகிலவாணி தலையாட்டினாள்.

ஜெபீனா சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர்.

கொஞ்ச நேரம்தான்.

நின்றது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஜெபீனாவின் புருவம் சுருங்கியது.

"இன்னா ஆச்சு?"

"கொழாய மூடினா தண்ணி போவ வழியில்லாம அழுத்தம் ஏறும் மேடம். கன்ட்ரோலரு அத மோப்பம் புடிச்சு மோட்டார நிறுத்திடும். இல்லாங்காட்டி ஹோசு வெடிச்சிடும். எவ்ளோ அழுத்தத்துல நிறுத்தணும்னு நாமதான் நம்பரு வக்கணும். ரொம்ப கம்மியா வச்சா, கொழாய் தொறந்திருந்தாலும் மூடிக்கினு கெடக்குதுன்னு நெனச்சுக்கும்."

"சந்தேகப் புத்தி."

"ஆமா. அதேதான்."

அவள் பட்டன்களை அமுக்கினாள். திரையில் எண் வந்தது.

பதினைந்து.

"மேடம்... நான் அறுவது வச்சிருந்தேன்! மொத நாளு சாயந்திரம் நானே வச்சேன். பாத்தீங்களா? எவனோ மாத்தியிருக்கான். மோட்டாரு நிக்கணும்னே மாத்தியிருக்கான். நின்னாதான் மேல வருவாங்கன்னு..."

"கம்பியையும் கழட்டி வச்சிருக்கான்" என்றாள் கோகிலவாணி. "கன்ட்ரோலர எங்க மாட்டியிருந்தீங்க?"

"அந்தக் கம்பிக்கு வெளிப்பக்கம். செவப்பு வெளக்கு கீழேர்ந்து தெரியணும்ல. அந்த எடத்த நான்தான் சொன்னேன்."

"அப்போ பட்டனை அமுக்கணும்னா கம்பி மேல சாஞ்சாவணும்."

"ஆமாங்க."

"சாஞ்சா வுழணும். நல்லா யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான். டேவிட்டுக்கு இவ்ளோ மூளையா?"

"அவன்தான் மேடம்."

"அந்த நம்பர மாத்த யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணு பட்டன சேத்து அமுக்கணும். கம்பெனிக்காரரு எங்களுக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாரு. எனக்கும் அவரு..."

வாய் நின்றது.

மோட்டார் நின்ற மாதிரியே.

வெளியே நாராயணசாமி யாரிடமோ, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"அன்னிக்குக் காலைல மோட்டார மாட்னது யாரு?"

"அவரு. நான் பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக்கினு வந்தேன்."

"வீட்ல ரெண்டு பேரும் எப்படி?"

ஜெபீனா வாளித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "பத்து நாளா பேசல. மெட்ராஸ்ல இந்த மோட்டாரு கம்பெனியில வேல குடுத்தாங்க. நான் போறேன்னு சொன்னேன். பொண்டாட்டி தனியா மெட்ராஸ் போனா ஊரு சிரிக்கும்னாரு. அங்க யாரு இருக்கான்னு கேட்டாரு. அதோட பேச்சு நின்னுடுச்சு."

"அப்பறம்?"

"அன்னிக்கு டீயக் குடுத்துக்கினே சொன்னேன். 'நான் போவல. வேணாம்னு போன் பண்ணிட்டேன்'னு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அப்பதான் மேல செவப்பு வெளக்கு எரிஞ்சுது. நான் எழுந்தேன். அவரு என் கையப் புடிச்சு..."

அவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"கையப் புடிச்சு, 'நீ குந்து... நான் போறேன்'னாரு. டீயக் கீழ வச்சிட்டு ஓடினாரு. பத்து நாளு கழிச்சு கையப் புடிச்சாரு மேடம். எனக்கு அது போதும்னு இருந்துது."

கோகிலவாணி அவள் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"வழக்கமா மோட்டாரு நின்னா யாரும்மா மேல போவாங்க?"



"நான்."

"எப்பவுமா?"

"எப்பவும். அவரு கம்பப் புடிச்சிக்கினு கீழயே நிப்பாரு."

ஹோஸின் நுனியிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது.

கோகிலவாணி பாக்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பாயில் வைத்தாள். உள்ளே ஒரு ஸ்பேனர்.

"அவரு ஒடம்புக்கு அடியில கெடந்துது. முறுக்கறதுக்கே ஒண்ணும் இல்லாத மோட்டாருக்கு, இத எதுக்கு எடுத்துக்கினு ஓடினாரு?"

ஜெபீனா அதைத் தொடவில்லை. அவர்கள் பையில் இருந்த ஸ்பேனர். பிடியில் அவளே சுற்றிய பச்சை டேப்.

"அந்தக் கம்பிக் காலுக்கு நாலு போல்ட்டும்மா. நாலுலயும் பெயின்ட் புதுசா ஒடைஞ்சிருக்கு. நாலையும் கழட்டியிருக்காங்க. ஆனா உள்பக்கத்து ரெண்டையும் யாரோ திரும்ப முறுக்கியிருக்காங்க. கையால அசைக்க முடியல. வெளிப்பக்கத்து ரெண்டும் லூசு. அதுங்கள முறுக்கணும்னா, கம்பிக்கு அந்தாண்ட எட்டிக் குனியணும்."

ஜெபீனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் பிடித்த கை. மணிக்கட்டில் இன்னும் அந்தப் பிடி இருப்பதுபோல இருந்தது. அது சாவுக்கு அனுப்ப இருந்த கை. சாவிலிருந்து இழுத்து உட்கார வைத்த கை. இரண்டும் ஒரே கை.

கதவு லேசாகத் திறந்தது. அஸ்ரப் நிஷா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாவாம் மேடம்? என் தம்பியக் கொன்ன அந்தப் பாவி ஒத்துக்கினானா?"



ஜெபீனா மெல்ல எழுந்தாள். கன்ட்ரோலரின் முன் குனிந்து மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கினாள். பதினைந்தை அறுபதாக்கினாள். மோட்டார் மறுபடி ஓடியது. இந்த முறை நிற்கவில்லை. தண்ணீர் வாளி நிறைந்து தரையில் வழிந்தது. அவள் அணைக்கவில்லை.

"டேவிட்ட வுட்டுடுங்க மேடம்."

"எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேன். வாசல்ல இருக்கற அந்தப் பொண்ண ஜீப்லயே கூட்டிக்கினு போங்க. நடக்க வுடாதீங்க."

அஸ்ரப் நிஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பைத்தியமாடி ஒனக்கு? அப்போ என் தம்பியக் கொன்னது யாரு?"

ஜெபீனா பாயில் உட்கார்ந்தாள். வெள்ளை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கோகிலவாணி மோட்டாரை அணைத்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள். திரும்பினாள். குரல் தணிந்திருந்தது.

"நாலு போல்ட்ட கழட்டினவருக்கா, ரெண்டு போல்ட்ட முறுக்கினவருக்கா... எந்த ஆளுக்கும்மா நீ இத்தா இருக்கப்போற?"