வேரோடு பிடுங்கோணும்

புரூம் புதரின் காய் வெயிலில்தான் வெடிக்கும். காய்ந்து, கறுத்து, 'டப்'பென்று பிளந்து விதையைத் தெறிக்கவிடும். ஆனால் பனிமூட்டம் இறங்கிய அந்தச் சாயங்காலத்தில், ஈரம் சொட்டும் புதர்களுக்குள் எங்கேயோ காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. மானசா குனிந்த தலையைத் தூக்கினாள்.

"சைதூ, சத்தம் கேட்டியா?"

பாதையின் மறுபக்கத்தில் தங்கை சைதன்யா சிரித்தாள். "அது என்ற வயித்துச் சத்தமுங்க்கா. நீங்க குடுத்த தயிர்சாதம் காக்காய்க்கே பத்தாது."

"இன்னும் ஒரே வரிசைதான் கண்ணு. முடிச்சுப்போட்டு எறங்கிரலாம்."

"அப்பப் புடிச்சு இதையேதான் சொல்றீங்க. அம்மா போன் பண்ணுனா நீங்களே பேசிக்கோங்க."

கோவையிலிருந்து மலையேற்றக் குழுவோடு கோத்தகிரிக்கு மேலே வந்திருந்தார்கள். புல்வெளியை விழுங்கிவரும் புரூம் என்ற இந்த மஞ்சள் பூ அந்நியப் புதரைப் பிடுங்குவதுதான் வேலை. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதே மஞ்சளில் பூக்கும் கிலுகிலுப்பைச் செடி இந்த மண்ணுடையது, அதைத் தொடக்கூடாது. வித்தியாசம் தண்டில் இருக்கிறது. புரூம் தண்டைக் கட்டைவிரலால் உருட்டினால் ஐந்து வரி நெருடும். மற்றவர்கள் ஜீப்புக்கு இறங்கிவிட்டார்கள். மலையே ஏறியிராத சைதன்யாவை, "நான் பாத்துக்கறேம்மா" என்று கெஞ்சி அழைத்து வந்தவள் மானசாதான்.

மூட்டம் திரண்டு பாதையை மூடியது. ஈரமண் வாசனையோடு பூவின் கனத்த இனிப்பும் சேர்ந்து தொண்டைவரை இறங்கியது. காய் வெடிக்கும் சத்தம் இப்போது ஒரே இடத்தில் இல்லை. யாரோ புதரை இடுப்பால் விலக்கிக்கொண்டு நடப்பதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, மானசாவின் முதுகுக்குப் பின்னால் வந்து, பாதையைக் கடந்து, மறுபக்கம் போனது.

அங்கே நின்றது.

"சைதூ?"

"இங்கதானுங்க்கா."

அவள் குரல்தான். ஆனால் தாழ்வாக வந்தது, தரையில் உட்கார்ந்து பேசுபவளைப்போல.

"எந்திரி. போலாம்."

"இங்கதானுங்க்கா."

மானசா பாதையைத் தாண்டி ஓடினாள். பிடுங்கிய செடிகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஒற்றைக் கையுறை. ஆள் இல்லை.

"வெளையாடாத கண்ணு. எங்க இருக்கற?"

"இங்கதானுங்க்கா."

புதருக்குள்ளிருந்து. இன்னும் தாழ்வாக.

உள்ளே போக வழியில்லை. தோளுயரத்துக்குப் பின்னிக் கிடந்தது. கைக்கு எட்டிய செடியைப் பிடித்தாள். ஐந்து வரி. இழுத்தாள், வந்தது. அடுத்தது. ஐந்து வரி. வந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரல்தான் பார்த்தது. அடுத்தது.

வரி இல்லை.

வழுவழுப்பு. வெதுவெதுப்பு.

யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாங்க்கா." காலுக்கடியிலிருந்து. மண்ணுக்குள்ளிருந்து. "வலிக்குதுங்க்கா."

மூட்டம் சற்று விலக, மானசா கையைப் பார்த்தாள். புதர்களின் நடுவே, மண்ணிலிருந்து விறைத்து நின்றது ஒரு ஜடை. காலையில் அவளே மூன்று பிரிவாகப் பின்னி, நுனியில் நீல ரப்பர் பேண்ட் போட்டுவிட்ட ஜடை.

கையை விட்டாள்.

ஜடை நிற்கவில்லை. ஈரமண்ணைப் பிளந்துகொண்டு, தானாகவே, மெல்ல மேலே ஏறியது. அவள் தோளுயரம் வந்ததும் கிளை விட்டது.